மூன்றாம் ஓலைக்கு முன்னால்

எங்கள் கோவிலில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பூசையில் பிரசங்கம் முடிந்ததும் சாமியார் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சத்தமாகச் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம் என்பார். மூன்று ஓலையும் வாசித்து முடித்துவிட்டால் ஊரைப் பொறுத்தவரை பாதித் தாலி கட்டியாயிற்று.

என் மதினிக்கு முதல் ஓலை வாசித்தபோது எனக்கு ஒரு தடை தெரியும். ஊரில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சொன்னால் முதலில் என் தோல்தான் உரியும். அதனால் பெண்கள் பக்கம் பாயில் முட்டிபோட்டு, முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்தவள் பிள்ளை அழுவதை வேடிக்கை பார்த்தேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். எனக்குப் பத்தொன்பது வயது. பாம்பனில் எங்கள் வீடும் அத்தை வீடும் ஒரே வேலி. அத்தை மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள், அதனால் எனக்கு மதினி. இரண்டு பேரும் சேர்ந்துதான் கடற்கரையில் நெத்திலி காயப்போடுவோம், காக்கா விரட்டுவோம், மற்றவர்களைப் பற்றிப் புறணி பேசுவோம். ஒரே ஒரு வித்தியாசம், நான் ராமநாதபுரத்தில் சின்னம்மா வீட்டில் தங்கி ஐந்தாவது வரை படித்தவள். மதினிக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. எங்கள் வளவு வீடுகளுக்கு வரும் கடுதாசி எல்லாம் என் கைக்குத்தான் வரும். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் தலைமன்னாரில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டுக்குத்தான் கடுதாசி போடுவார். அதற்குள்ளே சின்னதாக மடித்த தாள் ஒன்று இருக்கும். அது மதினிக்கு. கருவாடு காயும் இடத்தில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து நான் வாசிப்பேன், அவள் காலால் மணலைக் கிளறிக்கொண்டு கேட்பாள். ஒன்றும் பெரிதாக இருக்காது. சுகமா, மழை உண்டா, கோவில் திருவிழாவுக்கு யார் யார் வந்தார்கள், இவ்வளவுதான். வாசித்து முடித்ததும் தாளை வாங்கி மாராப்பில் சொருகிக்கொண்டு சிரிப்பாள் பாருங்கள், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். ஒரு கிறிஸ்துமஸ் வரைக்கும் பிடித்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் பலகாரம் தின்றார்கள், போனார்கள், பதில் சொல்லவில்லை. மறுநாள் கடற்கரையில் பத்துப் பொம்பிளைகள் நடுவில் மதினி சொன்னாள், "மாப்பிள்ளை நல்லாத்தான் இருந்தாரு. இவ வாயப் பாத்துத்தான் பயந்து ஓடிட்டாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேலி செய்ய முறையுள்ளவள்தான், வேறு நாளாயிருந்தால் நான் அதைவிடப் பெரிதாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு அது உள்ளே போய் முள்ளாகக் குத்தி நின்றுகொண்டது.

மூன்றாம் நாள் தலைமன்னார் கடுதாசி வந்தது. மடித்த தாளில் வழக்கமான சமாச்சாரங்களுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: பாஸ்குத் திருநாள் கழிந்ததும் வந்து உன் அய்யாவிடம் பெண் கேட்கப்போகிறேன், உனக்குச் சம்மதம் என்றால் ஒரு வரி எழுது.

மேலே இருந்ததை எல்லாம் வாசித்தேன். அந்த வரி வந்ததும் நிறுத்தினேன்.

"அம்புட்டுத்தானா?" என்றாள்.

"அம்புட்டுத்தான்."

அவள் தாளை வாங்கி மாராப்பில் சொருகிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷமாகத்தான் இருந்தது, இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? நாலு நாள் போகட்டும், ஒரு வரி பாக்கி இருக்குன்னு சொல்லி ஆட்டம் காட்டலாம் என்று நினைத்தேன். நாலு நாள் எட்டு நாளாயிற்று. எட்டு நாள் கழித்து அதைச் சொல்ல வெட்கமாயிருந்தது, மாதம் கழித்துப் பயமாயிருந்தது. பதில் போகாததால் அவர் என்ன நினைத்தாரோ, அடுத்து வந்த கடுதாசியில் மடித்த தாளே இல்லை. மதினி உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள்.

"நீ சொல்லு மதினி, நான் எழுதிக் கேக்குறேன்" என்றேன், நல்லவள் மாதிரி.

"அவராச் சொல்லாதத நான் என்னத்தக் கேக்க? போறாரு போ."

ஈஸ்டர் பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் தொடங்குமுன் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சொந்த வள்ளம் உள்ள ஆள், குடி கிடையாது. மாமா கேட்டார், மதினி தலையை ஆட்டிவிட்டாள். பாஸ்கு கழிந்து கல்யாணம். அதற்குத்தான் ஓலை.

முதல் ஓலை வாசித்த மறுநாள் எங்கள் ஊரில் பெரிய தியானம் ஆரம்பித்தது. வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்து ஐந்து நாளும் காலை மாலை பிரசங்கம் செய்வார். ஒல்லியான மனிதர், வாக்கியத்துக்கு ஒரு இருமல். நரகத்து நெருப்பைக் காட்டி மிரட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனோம், அவர் மிரட்டவே இல்லை. வேதத்தில் இருக்கும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி சொன்னார். நோவாவின் பெட்டகத்தைச் சொன்ன அன்றைக்கு, "கதவை நோவா சாத்தவில்லை, சர்வேசுரன்தான் வெளியிலிருந்து சாத்தினார். அதுவரை திறந்துதானே கிடந்தது?" என்று கேட்டார். வெளியே வரும்போது எங்கள் அய்யாவும் கூட்டாளிகளும் அத்தனை பெரிய மரக்கலத்துக்குக் பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக் கல்பத்து அடித்தது யார் என்று தர்க்கம் பண்ணிக்கொண்டு வந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏசாவைப் பற்றிச் சொன்னார். ஒரு கும்பா கூழுக்கு மூத்தவன் உரிமையை விற்றவன், பிறகு அப்பனிடம் போய்க் கண்ணீர் விட்டுக் கதறினான், ஆனால் ஆசீர்வாதம் தம்பிக்குப் போய்விட்டிருந்தது. "அழுகை உண்மைதான். நேரம்தான் போய்விட்டது" என்று சொல்லிவிட்டு இருமினார். அவர் கண் என் பக்கம் வந்தது போலிருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! அன்று நெத்திலியைப் புரட்டப் போய், புரட்டினேனா இல்லையா என்று மறந்து, திரும்பவும் முதலிலிருந்து புரட்டினேன். அம்மா, "கால்ல சுடுதண்ணி ஊத்துன மாதிரி ஏண்டி அலையுற?" என்றாள்.

புதன்கிழமை பெண்களுக்குப் பாவசங்கீர்த்தனம், அந்த வெளியூர்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்க வேண்டும். வரிசையில் நின்று ஒரு திட்டம் போட்டேன். பெரிய பாவத்தைச் சின்னப் பாவங்களுக்கு நடுவில் வைத்து வேகமாகச் சொல்லிவிடுவது. கம்பித் தட்டிக்கு இந்தப் பக்கம் முட்டிபோட்டு, "பொய் சொன்னேன் சாமி, அம்மாவ எதுத்துப் பேசுனேன், ஒரு கடுதாசியில ஒரு வரி வாசிக்காம விட்டேன், பக்கத்து வீட்டுக் கோழியக் கல்லால எறிஞ்சேன்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல்.

"கோழி கிடக்கட்டும்" என்றார். "அந்த வரி என்ன?"

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?"

"இல்ல சாமி. ஒரு ஓலதான் வாசிச்சிருக்கு."

"அப்போது இன்னும் இரண்டு இருக்கிறது. போய் அவளிடம் சொல்லிவிட்டு வா. நான் சனிக்கிழமை காலை வரை இங்கேதான் இருப்பேன்."

"இப்பவே மன்னிப்புக் குடுத்துருங்க சாமி, சத்தியமா அப்புறமாச் சொல்லிர்றேன்."

"அப்புறம் என்று சொல்லித்தானே அம்மா இத்தனை நாள் ஆயிற்று?"

கோபமே இல்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். மன்னிப்பு வாங்காமல் எழுந்து வந்தேன்.

வியாழக்கிழமை சொல்லியே தீருவது என்று கடற்கரைக்குப் போனேன். மதினி குத்தவைத்து உட்கார்ந்து கருவாட்டுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். "மதினி, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "நான் மொதல்ல சொல்லிர்றேன்" என்றாள். கல்யாணத்துக்கு எடுத்த துணியில் எனக்கும் ஒரு ரவிக்கைக்கு எடுத்திருக்கிறாளாம். கோவிலில் பக்கத்தில் நான்தான் நிற்க வேண்டுமாம். "ஒன் வாயக் கண்டு மாப்பிள்ள வீட்டுக்காரங்க அடங்கி இருக்கட்டும்" என்று சிரித்தாள். பிறகு, "நீ என்னமோ சொல்ல வந்தியே?" என்றாள்.

"உப்பு பத்தாது போலருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றேன். சனியன் பிடித்த வாய். வேண்டாத இடத்தில் எட்டு முழம் நீளும், வேண்டிய இடத்தில் கொழுக்கட்டை வைத்த மாதிரி அடைத்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை தியானம் முடிந்து பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் கிராதிக் கம்பியருகே முட்டிபோட்டு நன்மை வாங்க வேண்டும், சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம்தான் நன்மை. சாவான பாவத்தோடு நன்மை வாங்கினால் அது பாவத்துக்குமேல் பாவம். வாங்காமல் பாயிலேயே இருந்தால் ஊர் முழுக்கத் திரும்பிப் பார்க்கும், இவள் என்ன பண்ணினாள் என்று. நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்தேன். அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத்தண்ணிகூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும். விடிந்ததும் அடுப்படிக்குப் போய், அம்மா பார்க்கும்படியாகவே ஒரு வாய் பழைய கஞ்சியைக் குடித்தேன்.

"அடிப்பாவி!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். "நன்ம வாங்குற நாளும் அதுவுமா!"

"மறந்துட்டேம்மா."

கோவிலில் யார் கேட்டாலும் அதே பதில்தான். மறந்துபோய்க் கஞ்சி குடித்துவிட்டேன். எல்லோரும் கிராதிக்குப் போனார்கள், நான் பின்னால் தூணோரம் இருந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை காலை அந்தச் சாமியார் ரயிலுக்குப் புறப்பட்டார். ஊரே வழியனுப்ப நின்றது. ஒவ்வொருவரும் "தோத்திரம் சாமி" என்று சொல்ல, அவர் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். என் முகம் அவருக்குத் தெரியாது, குரல்தான் தெரியும். அதனால் என் முறை வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை, சும்மா கையைக் குவித்தேன். அவர் கை என் தலைமேல் மற்றவர்கள் தலையில் இருந்ததைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தது. பிறகு அடுத்தவளிடம் போய்விட்டார். ரயில் பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்கும் வரை நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

இரண்டாம் ஞாயிறு இரண்டாம் ஓலை. அன்றைக்கும் கஞ்சி. பூசை முடிந்து வெளியே வந்ததும் மதினி என் தோளில் இடித்தாள்.

"ஏ புள்ள, மறுபடியும் மறந்துட்டியா? என்ன பாவம்டி பண்ணுன, எனக்குத் தெரியாம?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். "கொல பண்ணிட்டேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு! வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் குரல் கேட்டால் வீட்டுக்குள் ஓடுவேன், கேட்காவிட்டால் வேலிக்கு வருவேன். ஒரு நாள் நாலு தடவை அவள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன், குடம் நிறைந்து வழிந்தது, சொல் வரவில்லை. இன்னும் ஓர் ஓலை இருக்கிறது, இன்னும் மூன்று நாள் இருக்கிறது, இன்னும் ராத்திரி ஒன்று இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணிய நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் ஞாயிறு காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் போய் என் தூணோரம் உட்கார்ந்தேன். கடைசி ஓலை வாசிக்கிற நாள், மதினி முன்வரிசையில் அத்தையோடு இருக்க வேண்டியவள். பார்த்தால் எழுந்து பின்னால் வருகிறாள். வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

"ஏன் இங்கன வந்த?" என்றேன்.

காதருகே குனிந்தாள். வாயில் பழங்கஞ்சி வாடை. "நானும் குடிச்சிட்டு வந்துட்டேன். மூணு தடவையா நீ ஒத்தையில ஒக்காந்திருக்குறது பாக்கச் சகிக்கல. பேசுறவ பேசட்டும்."

அந்தக் காலத்தில் ஓலை வாசிக்கும் பெண் நன்மைக்குப் போகவில்லை என்றால் என்னென்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் வந்து உட்கார்ந்திருந்தாள். சாமியார் திரும்பி நின்று அவள் பெயரை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றார். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோவிலில், அந்த நிமிஷத்தில் நான் எழுந்து நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

வெளியே வந்ததும் அவளைக் கருவாடு காயும் மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவள் அழவில்லை. நேரே வீட்டுக்குப் போய்த் தகரப்பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வாசி."

வாசித்தேன்.

"அந்த வரி எதுன்னு காட்டு."

காட்டினேன். அவள் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"கிறிஸ்துமஸ்லேருந்து இது என் பெட்டிக்குள்ளதான் கெடந்துச்சா? தெனம் எடுத்துப் பாத்தேனேடி."

நான் அவள் காலைப் பிடித்தேன். மாமாவிடம் நானே போய்ச் சொல்கிறேன், அடித்துக் கொன்றாலும் சரி, கல்யாணத்தை நிறுத்திவிடலாம், பாஸ்குவுக்கு அவர் வந்துவிடுவார் என்று என்னென்னவோ பிதற்றினேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத ஓலைக்கு முன்னாடி சொல்லியிருந்தா அய்யா கால்ல விழுந்திருப்பேன். ரெண்டாவதுக்கு முன்னாடி சொல்லியிருந்தாக்கூட விழுந்து பாத்திருப்பேன். மூணும் வாசிச்சு, மாப்பிள்ள ஊர்க் கோவில்லயும் வாசிச்சு, இனிமே கல்யாணம் நின்னா எனக்குப் பின்னாடி ரெண்டு தங்கச்சிங்க இருக்கு. அந்த மனுசன் என்ன பாவம் பண்ணுனாரு?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "தாள் எடு. அவருக்கு நான் சொல்றத எழுது."

எழுதினேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, உங்கள் வரி எனக்கு நேரத்தில் கிடைக்கவில்லை, உங்கள்மேல் குறை இல்லை, நல்லாயிருங்கள். அவள் என் பெயரைச் சொல்லவே இல்லை. நேரத்தில் கிடைக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"வாசிச்சுக் காட்டு" என்றாள். காட்டினேன். நான் வாசிக்கும்போது அவள் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளை வாங்கிக்கொண்டு, கோவிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிங்க" என்று அவரிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் "சரி" என்று சொல்லி வாங்கி மடித்தாள். உபதேசியார் என்னைப் பார்த்து, "நீதான் நல்லா வாசிப்பியே, இதுக்கு எங்கிட்ட எதுக்கு வந்தீக?" என்றார். மதினி அதற்குள் படியிறங்கியிருந்தாள்.

பாஸ்குவுக்கு முந்தின பெரிய வாரத்தில் எங்கள் ஊர்ச் சாமியாரிடம் முழுதும் சொல்லிப் பாவமன்னிப்பு வாங்கினேன். மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். இவ்வளவுதானா என்று இருந்தது. கல்யாணத்தன்று மதினி கொடுத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். முந்தின நாளே, "போனதப் பேசாத, நான் மனசுல வைக்கல" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், வைக்கவில்லை. தலைமன்னார்க்காரர் அந்தப் பாஸ்குவுக்கு வரவில்லை, அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குக் கடுதாசியும் போடவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எனக்கும் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒரு நாள் தங்கச்சிமடத்துக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர் தொழிலுக்குத் தூத்துக்குடிப் பக்கம் போயிருந்தார். தங்கமான மனிதர், அவளை வைத்த இடத்தில் வைத்துத் தாங்கினார். நான் போன நேரம் அவரிடமிருந்து கடுதாசி வந்திருந்தது. பிரிக்காமல் பெட்டிமேல் கிடந்தது.

"வெயில்ல வந்திருக்க, மொதல்ல சாப்பிடு" என்று பாறை மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். என் பிள்ளைகளைக் கேட்டாள், என் வாயைக் கேலி செய்தாள். நான் கை கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு கடுதாசிக்குக் கையை நீட்டப்போனேன். பழக்கம்.

அவள் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "எக்கா, ஒரு நிமிசம் வந்துட்டுப் போங்க" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் மனைவியைக் கூப்பிட்டாள். அந்த அம்மா வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, தட்டுத்தடுமாறி வாசித்தார். என்னைக் குத்திக் காட்ட அவள் அப்படிச் செய்யவில்லை. செய்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருக்காது. நான் மடியில் கையை வைத்துக்கொண்டு, அந்த அம்மா விட்டுவிட்டுப் போகிற சொற்களைத் தெரிந்தும் எடுத்துக் கொடுக்காமல், கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.